நாலு மணி நேரத் தூரம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கல்யாண வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். முதலில் முட்டி வலி. அடுத்தது சர்க்கரை. அதற்கடுத்து, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது. போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரி என்னிடம், "ஒங்க மக இருக்குற ஊருக்கு எம்புட்டு நேரம்?" என்று கேட்டாள். எத்தனை மைல் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தன் மகன் ஊருக்கு விமானம் இத்தனை மணி நேரம், நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறவேண்டும் என்று ஒப்பித்துவிட்டு, "தூங்கி முழிச்சா வந்துருவான்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் பாவம், என்ன செய்வாள். அந்தக் கணக்கைக் கேட்டாலே எனக்கு அப்படித்தான் வரும். அதை நம்பி எங்கள் வீடு பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது இருக்கும். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் எங்கள் ஊர். மழைத் தண்ணீரில் கண்மாய், எங்கள் பேச்சில் கம்மா, நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாயும் கம்பும். அக்கா என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்தபோது அக்கா பாதி அம்மாவாக இருந்தாள். அம்மா என்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது பக்கத்தில் நின்று வெந்நீர் மொண்டு கொடுத்ததெல்லாம் அவள்தான். தலையில் தண்ணீர் விழுந்ததும் நான் வீரிடுவேனாம். அதற்காக அம்மா ஒவ்வொரு செம்பு ஊற்றும்போதும், "மழ வருது மழ வருது, கம்மா பெருகுது" என்று ராகம் போட்டுச் சொல்வாளாம். மழையைக் காணாத ஊரில் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதற்கு வேறு எதைச் சொல்வது? அக்கா அதை எனக்குப் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள், அதே இழுப்போடு.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பணம் காசு, வீடு வாசல் எதுவும் கேட்கவில்லை. "காலையில கெளம்புனா மத்தியானச் சோத்துக்குள்ள நான் போய்ச் சேரணும். அந்தத் தூரத்துலதான் கொடுப்பேன்." அதற்குக் காரணம் இருந்தது. அம்மாவின் அக்காவை, அதாவது என் பெரியம்மாவை, கோயம்புத்தூரில் மில் வேலைக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தந்தி வந்தது. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்து, அங்கேயே அடக்கமும் செய்திருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மா அதைச் சொல்லும்போது அழமாட்டாள். "பஸ்ஸு வெரசாப் போயிருந்தா" என்று மட்டும் சொல்வாள்.

அதனால் மெட்ராஸ் மாப்பிள்ளை வந்தது, வேண்டாம் என்றாள். திருப்பூர் வந்தது, வேண்டாம். பிறகு பாலவனத்தத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பக்கத்து ஊர்தான், பையனுக்கு மட்டும் துபாயில் வேலை. ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார், குடும்பத்தோடு இருக்க வீடும் கொடுக்கிறார்கள் என்றார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு. "திருப்பூரே வேண்டாம்னவ, கடல் தாண்டியா கொடுக்கப் போறா?" என்றார்.

பெண் பார்க்க வந்த அன்று அத்தான் முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் செண்டு வாசனை மறுநாள் வரை இருந்தது. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு நேரே நின்று பேசுவது வழக்கமில்லை. அம்மா உள்கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பாவிடம் சொல்வதுபோல் கேட்டாள். "அங்கருந்து இங்கிட்டு வர எம்புட்டு நேரமாகும்னு கேளுங்க." அத்தான் கதவைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, "ஃப்ளைட்டுல நாலு மணி நேரம்" என்றார். கேட்டதற்குப் பதில். அவர் இயல்பே அப்படித்தான். கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது.

அம்மா நம்பவில்லை. பக்கத்து வீட்டு டீச்சரைக் கூப்பிட்டாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர், பள்ளிக்கூடம் விட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும்தான் வெளியே வருவார். எங்கள் தெருவில் எந்தச் சந்தேகத்துக்கும் கடைசித் தீர்ப்பு அவருடையது. நிலப்படப் புத்தகத்தை எடுத்து வந்து, பூக்கட்ட வைத்திருந்த நீல நூலை, விமானம் வந்து இறங்குகிற திருவனந்தபுரத்துக்கும் துபாய்க்கும் நடுவில் பிடித்து அளந்தார். அதே நூலைக் கோயம்புத்தூருக்கும் வைத்துக் காட்டினார். கோயம்புத்தூர் ஒரு கடுகளவுதான் வந்தது. "தூரம்னா தூரம்தான். ஆனா அந்தத் தம்பி சொன்ன நேரம் சரி. ஏரோப்ளேன் அவ்வளவு வேகம்" என்றார். நாலு மணி நேரம் என்றால், காலையில் கிளம்பினால் மத்தியானச் சோற்றுக்குள். அம்மாவின் நிபந்தனைக்கு அப்படியே பொருந்தியது. அப்பாவும் தன் பங்குக்கு, "மெட்ராசவிடப் பக்கம்டீ" என்றார்.

நூல் சரி, நேரமும் சரி. டீச்சர் பொய் சொல்லவில்லை, அத்தானும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால், அந்த அறையில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட விமானத்தைத் தலைக்கு மேலே தவிர வேறெங்கும் பார்த்ததில்லை, அத்தானைத் தவிர. அவரிடமும் யாரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

கல்யாணம் முடிந்து அக்கா போனாள். டீச்சர் அளந்து நறுக்கிய நீல நூலை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அந்த நாலு மணி நேரம் ஓர் அளவாகவே ஆகிவிட்டது. மிளகாய்க் காம்பு கிள்ள உட்கார்ந்தால், "இந்தக் கூடை முடியிறதுக்குள்ள ஒங்க அக்கா வந்து எறங்கிருவா" என்பாள் அம்மா. நெடி ஏறித் தும்மிக்கொண்டே நான் கூடையைப் பார்ப்பேன். அக்கா எங்கோ வெகு தொலைவில் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு கூடைக்கு அப்பால் இருந்தாள், அவ்வளவுதான்.

அக்கா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தி திருச்சுழியில் அரிசி மில் வைத்திருந்தவர் வீட்டுக்குப் போனில் வந்தது. சுற்றிலும் அந்த ஒரு போன்தான். வெள்ளிக்கிழமை துபாயில் லீவு, அன்றைக்குத்தான் அத்தான் பேசுவார். அம்மா விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். ஏழாம் மாதம் மார்கழியில் விழுந்தது. மார்கழியில் வளையல் போடமாட்டார்கள். தை எட்டாம் மாதம். இரட்டைப்படை மாதத்தில் பிள்ளைத்தாச்சியை வீட்டுக்கு அழைக்கக் கூடாது. ஆக, மாசியில் ஒன்பதாம் மாதம். பாலவனத்தத்தில் வளைகாப்பு, மறுநாள் எங்கள் வீட்டுக்கு அழைப்பு என்று நாள் குறித்தாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தான் பேசியபோது அம்மாவும் மில்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் கூடப் போனேன். போனில் கதவு கிடையாதே, அம்மாவும் அத்தானும் முதல்முறையாக நேரடியாகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான். அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ரிசீவரைப் பிடித்திருந்தாள். அத்தான் கத்திப் பேசியது எனக்கே கேட்டது.

"அத்தை, எட்டாம் மாசமே அனுப்பிருதேன். ஒம்பதுல ஃப்ளைட்டுல ஏத்த மாட்டாகன்னு இங்க சொல்லுதாக."

"எட்டுல அழைக்கிற வழக்கமில்ல, மாப்பிள்ளை."

"ஏத்த மாட்டாக அத்தை..."

"அதெப்படி ஏத்தாம இருப்பாக? நம்மூரு பஸ்ஸுல பிள்ளையே பெத்திருக்காக!"

அது உண்மை. நரிக்குடியிலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் பஸ்ஸை அப்படியே அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலுக்கு விட்டார்கள். வாசலிலேயே, பஸ்ஸுக்குள்ளேயே பிறந்தது. பயணிகள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கண்டக்டர் அந்தப் பிள்ளைக்குப் பெயர்கூட வைத்தார் என்பார்கள். நிறைமாதக்காரி கை காட்டினால் நிற்காமல் போகிற வண்டியை எங்கள் ஆட்கள் பார்த்ததே இல்லை. ஏறினால் சீட்டை விட்டு எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய், கர்ப்பிணி என்பதற்காகவே ஏற்றாத வண்டி ஒன்று உண்டு என்றால் யார் நம்புவார்கள்? அம்மா நம்பவில்லை. அத்தான் "சரி அத்தை, ஒங்க இஷ்டம்" என்றார்.

மாசியில் அம்மா, அப்பா, நான் மூவரும் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று மாறி மாறித் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம். அக்கா வருவதற்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு எங்களுக்கு ஆனது. அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. அம்மாவின் மடியில் துணிப்பை. அதில் அக்காவுக்குப் பிடித்த காராச்சேவு, தலையில் வைக்கக் கனகாம்பரம், காகிதத்தில் சுற்றிய பச்சைக் கண்ணாடி வளையல்கள். வழி முழுக்க அவள் அந்தப் பையைக் கீழே வைக்கவே இல்லை.

காலையில் விமானம் இறங்கும் சத்தம் கேட்டது. கம்பித் தடுப்புக்கு வெளியே நின்றோம். கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும் தோளில் கம்பளிகளுமாக ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் யாராவது ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதார்கள். கூட்டம் குறைந்தது. கடைசியில் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். கையில் அக்காவின் பச்சைப் பை.

"நீங்க திருச்சுழிக்காரகதானே? ஒங்க மகள ஏத்தலம்மா. நிறைமாசம்னு சொல்லித் தடுத்துட்டாக. டாக்டர் எழுதிக் கொடுத்ததக் காட்டுனாரு ஒங்க மருமகன். ஒத்துக்கல. அந்தப் பிள்ள அங்கனயே ஒக்காந்து அழுதுச்சு."

பையில் பால்பவுடர் டப்பாவும், எனக்குக் காந்த மூடி போட்ட பென்சில் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியை நான் பட்டுப்பட்டென்று மூடித் திறந்துகொண்டிருந்தேன். நான்கைந்து வருடம் என்னிடம் இருந்தது, எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை. அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. ஏனென்றால் அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா நேரே வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் போனாள்.

"ஐயா, என்னிய அதுல ஏத்தி விடுங்க. எம் மக தனியாக் கெடக்கா. நாலு மணி நேரம்தான், நான் போயிருவேன்."

அவர் மலையாளத்தில் பாஸ்போர்ட் உண்டா என்று கேட்டார். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து, "அதெல்லாம் எடுக்க மாசக்கணக்காகும்டீ. பெறகு விசா வேணும்" என்றார்.

"நாலு மணி நேரம்னு சொன்னீகளே" என்றாள் அம்மா.

அப்பா எதையுமே வேடிக்கையாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவள் கையை விட்டுவிட்டுக் குனிந்து அக்காவின் பையை எடுத்துக்கொண்டார். அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியம்மா இறந்த கதையைச் சொல்லும்போதுகூட அழாதவள் அங்கே வாய்விட்டு அழுததை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது. அக்காவும் பெரியம்மாவைப்போல் போய்விடுவாள் என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் நினைத்திருப்பாள்.

பங்குனி வரை அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. மிளகாய்க் களத்தில் வெயிலோடு வெயிலாகக் கிடந்தாள். அவள் கோபமெல்லாம் அத்தான் மேல் திரும்பியது. "ஆம்பள நின்னு கேட்டிருந்தா ஏத்திருப்பாக. காலப் பிடிச்சிருக்கணும். இவரு வாயத் தொறந்திருக்க மாட்டாரு." ஆகாயத்தில் போகிற வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குத் திரும்ப முடியாது என்று டீச்சர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அம்மா டீச்சரோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் மில்காரர் வீட்டு ஆள் சைக்கிளில் வந்து அப்பாவை அழைத்துப்போனார். அப்பா திரும்பி வரும்போது ரோட்டிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். "பொம்பளப் பிள்ளை! ரெண்டு பேரும் நல்லாருக்காக!"

அம்மா கும்பிட்டாள். பிறகு, "கூட யாரு இருந்தா?" என்றாள்.

"மாப்பிள்ளைதான்."

"பொம்பளை?"

"பொம்பளைன்னு யாரும் இல்ல போல."

கருப்பட்டி, சுக்கு, நல்லெண்ணெய் எல்லாம் போட்டுப் பிரசவ லேகியம் கிண்டி வைத்திருந்தாள். கொடுத்தனுப்ப ஆள் இல்லை. "பத்தியம் போடத் தெரியுமா? வயித்துல துணி கட்டத் தெரியுமா? பிள்ளையத் தூக்கவாவது தெரியுமா அந்த ஆளுக்கு?" என்று லேகியச் சட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை போனுக்கு அப்பா கூப்பிட்டால், "எனக்குக் களத்துல வேலை கெடக்கு" என்பாள். களத்தில் மிளகாய் அள்ளி முடிந்த பிறகும் அதையே சொன்னாள்.

ஆவணியில் அவர்கள் வந்தார்கள். அக்கா இளைத்திருந்தாள். குழந்தை குண்டாக இருந்தது. அம்மா மகளையும் பேத்தியையும் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நின்ற அத்தானைப் பார்த்து "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அப்பா பதறிப்போய் மூன்றுமுறை "வாங்க மாப்பிள்ளை" என்றார்.

மறுநாள் காலை குழந்தையைக் குளிப்பாட்ட அம்மா வெந்நீர் விளாவினாள். கொல்லையில் துவைக்கிற கல்லின் பக்கம் பலகை போட்டு, சேலையை ஒதுக்கிக் காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் காலில் கிடத்தினாள். குழந்தை வில்லாக விறைத்து வீரிட்டது. அம்மா என்னென்னவோ செய்தாள். முகம் நீலம் பாரித்துவிட்டது. அக்கா தயங்கித் தயங்கி, "அம்மா, அவுககிட்டக் குடும்மா. அவுக குளிப்பாட்டுனாத்தான் அழுக மாட்டா" என்றாள்.

அம்மா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே. குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டு விருட்டென்று எழுந்து கொல்லைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அத்தான் கைலியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினார். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேல் இரண்டு தலை தெரிந்தது, சிரிப்புச் சத்தமும் கேட்டது. அவர் நிமிரவில்லை. குழந்தையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் எண்ணெய் நீவினார். திருப்பிப்போட்டு மூக்கை இரண்டு விரலால் மெல்ல இழுத்துவிட்டார். பெருவிரலாலும் நடுவிரலாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். செம்பில் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினார். அப்போது அந்த மனிதர், கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசாதவர், ராகம் போட்டுச் சொன்னார்:

"மழ வருது மழ வருது, கம்மா பெருகுது..."

அதே இழுப்பு. "பெருகுது" என்பதை அம்மா எப்படி இழுத்து மடக்குவாளோ அப்படியே. குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

கதவு அசைந்தது. அம்மா வெளியே வந்தாள். வந்து அவருக்கு எதிரிலேயே நின்றாள்.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

அத்தான் குழந்தையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒங்க மகதான் அத்தை. கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லுவா. எங்கம்மா தங்கச்சிய இப்படித்தான் பிடிக்கும், இப்படித்தான் ஊத்தும்னு. நான் தப்பாப் பிடிச்சா அழுவா. மழப் பாட்டு சொல்லலைன்னா தண்ணியவே ஊத்த விட மாட்டா."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"எட்டாம் மாசமே வம்படியா அனுப்பியிருக்கணும் அத்தை" என்றார் அத்தான். "ஒங்க பேச்சுக்கு மறுபேச்சு பேசக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

சுவருக்கு மேல் தெரிந்த தலைகள் இறங்கிவிட்டன. அம்மா வெந்நீர்ப் பானையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவருக்கு எதிரில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்த செம்பை வாங்கினாள்.

"நீங்க பிள்ளையப் பிடிங்க, மாப்பிள்ளை. தண்ணிய நான் ஊத்துதேன்."

அவர் பிடித்துக்கொள்ள, இவள் ஊற்றினாள். பாட்டை யார் சொல்வது என்று இரண்டு பேருக்கும் கூச்சம். கடைசியில் அக்காதான் சொன்னாள். குழந்தையைத் துவட்டி அக்காவிடம் கொடுத்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இதையெல்லாம் என்றைக்கோ கேட்டிருக்க வேண்டியவளைப்போல் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க தண்ணி எப்படி, மாப்பிள்ளை?"

"உப்புத்தான் அத்தை. நம்மூரு மாதிரித்தான்."

"அப்ப எனக்கு ஒத்துக்கிரும்" என்றாள் அம்மா. பிறகு உள்பக்கம் திரும்பி, அந்தப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எங்கே போய் எடுக்கவேண்டும் என்று அப்பாவிடம் சத்தமாகக் கேட்டாள்.